ஓர் அட்டைக்கு ஓர் ஆள்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு றெஜினா அக்கா எங்கள் இருவரையும் பிக்கரிங் ரயில் நிலைய வாசலில் இறக்கிவிட்டார். இருவர் என்றால் நானும் அக்காவின் கணவர் அன்ரன் அத்தானும். அக்கா என் பெரியம்மாவின் மகள். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. பத்து மணிக்கு அங்கே நிற்கவேண்டும். புறப்படும் முன் கார்க் கண்ணாடியை இறக்கி அத்தானைக் கூப்பிட்டார்.

“போனைக் கையிலயே வைச்சிருங்கோ. மத்தியானம் எடுப்பன். குளிசை பொக்கற்றுக்க கிடக்குதோ?”

“கிடக்குது. நீர் போம், வேலைக்குப் பிந்தப்போகுது.”

கார் மறையும்வரை அத்தான் அசையவில்லை. பிறகு நிலையத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உதுக்குள்ள நான் ஒருநாளும் வந்ததில்லை, ஸ்ரெல்லா,” என்றார்.

பிக்கரிங்கில் வீடு வாங்கிப் பதினைந்து வருடம். அதற்கு முன் ஸ்காபரோ, அதற்கும் முன் பார்க்டேல். இந்த நகரம் முழுவதும் பேக்கரி ஒன்றின் பாண் லொறி ஓட்டியவர். எந்தக் கடைக்குப் பின்வாசல் எந்தச் சந்தில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் ரயில் நிலையம் அவருக்கு வெளியே கார் நிறுத்தும் இடம் மட்டும்தான்.

இந்த வருட வசந்தத்தில் ஒருநாள் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றபோது அவருக்கு வலிப்பு வந்தது. லொறியில் இல்லாமல் வீட்டில் வந்ததே பெரிய காரியம் என்று எல்லோரும் சொன்னார்கள். மருத்துவர் வலிப்புக்குக் குளிசையும் தந்து, வாகனம் ஓட்டக்கூடாது என்றும் எழுதிக் கொடுத்தார். ஓட்டுநர் அனுமதியும் போனது, வேலையும் போனது. அன்றிலிருந்து அக்கா வீட்டில் நிற்கும் நேரங்களில் அக்காவின் காரில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி வெளியே போவார். மற்ற நேரமெல்லாம் வீட்டுக்குள்தான்.

நான் அவர்களின் மகளின் கலியாணத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். கலியாணம் முடிந்து பொம்பிளையும் மாப்பிள்ளையும் போய்விட்டார்கள். எனக்கு இன்னும் கொஞ்சம் லீவு மிச்சமிருந்தது. ஊரில் நான் கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறேன். தினமும் போக வர பஸ்தான். ஆகையால் எந்த ஊருக்குப் போனாலும் என் கண் முதலில் பஸ்ஸில்தான் விழும். இங்கே வந்த நாளிலிருந்து கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆட்கள் பஸ்ஸில் ஏறுகிறார்கள், வாசலில் இருக்கும் பெட்டியொன்றில் எதையோ தொடுகிறார்கள், போய் இருக்கிறார்கள். கொண்டக்டர் இல்லை. சில்லறைச் சத்தம் இல்லை. எதைத் தொடுகிறார்கள், தொடாவிட்டால் யார் கேட்பார்கள், எங்கே இறங்குவார்கள் என்று அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்? இதையெல்லாம் ஓர் இரவு சாப்பாட்டு மேசையில் கேட்டேன். ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரிடமும் கார் இருந்தது. ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

“அப்ப நான் போய்ப் பாக்கிறன்,” என்றேன்.

“தனியவோ?” என்று அக்கா கேட்டார். பிறகு, நான் எதிர்பாராத விதமாக அத்தான் வாய் திறந்தார். “நான் கூடப் போறன்.”

போகும் இடத்தையும் நான்தான் தெரிவு செய்தேன். பார்க்டேலில் ஜேமிசன் அவெனியூ. அக்காவும் அத்தானும் குடித்தனம் தொடங்கிய தெரு. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பெரியம்மாவுக்காக அந்த விலாசத்தைக் கடித உறைகளில் ஆங்கிலத்தில் எழுதியது நான். எழுதி எழுதி மனப்பாடமான ஒரு தெரு உண்மையில் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை.

நிலையத்தில் கதவும் இல்லை, தடுப்பும் இல்லை. மேடைக்குப் போகும் வழியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு தூண். அதன் தலையில் சிறிய திரை. பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு பெண் பச்சை நிற அட்டையைத் தொட்டாள். இன்னொருவர் வங்கி அட்டையைத் தொட்டார். ஓர் இளைஞன் கைக்கடிகாரத்தைக் காட்டினான்! ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னச் சத்தம், பச்சை வெளிச்சம்.

என்னுடைய கைப்பையில் யாழ்ப்பாணத்து வங்கி தந்த அட்டை இருந்தது. தொட்டுக் காசு கட்டலாம் என்று காட்டும் நான்கு வளைகோடுகள் அதன் மூலையிலும் உண்டு. இங்கே வேலை செய்யுமோ என்று பார்க்க அதை வெளியே எடுத்தேன். அத்தான் என் கையைத் தடுத்தார்.

“என்ர வீட்டுக்கு வந்திட்டு நீர் காசு குடுக்கிறதோ? உள்ள வையும்.”

“காசுக்கில்லை அத்தான், சும்மா பாக்கத்தான்.”

“பாக்கிறதை ஊரில போய்ப் பாரும்.”

தன் கடனட்டையை எடுத்துத் தூணில் தொட்டார். சத்தம் கேட்டது. “இது எனக்கு.” மறுபடியும் தொட்டார். மறுபடியும் சத்தம். “இது உமக்கு. வாரும்.” இரண்டாம் முறை திரையில் ஏதோ எழுத்து வந்தது. வெயில் நேரே அதன்மேல் விழுந்துகொண்டிருந்தபடியால் நாங்கள் வாசிக்கவில்லை.

ரயில் பச்சையும் வெள்ளையுமாக, இரண்டு தட்டுகளோடு வந்தது. மேல்தட்டில் ஜன்னலோரமாக இருந்தோம். பிக்கரிங்கைத் தாண்டிச் சிறிது நேரத்தில் இடப்பக்கம் திடீரென்று ஏரி வந்துவிட்டது. ஏரி என்று சொல்கிறார்களே தவிர, மறுகரை தெரியாத அந்தத் தண்ணீரைப் பார்த்தால் குருநகர்க் கரையில் பிறந்த எனக்குக் கடல் என்றுதான் தோன்றியது. மணம்தான் இல்லை. அத்தான் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தார்.

“இவ்வளவு காலமும் இதுக்குப் பக்கத்தாலதான் லொறியில போய் வந்தனான். மரத்தைத் தவிர ஒண்டும் தெரியாது.”

அப்போதுதான் சீருடையணிந்த இளம் பெண் அதிகாரி ஒருவர் படியேறி வந்தார். கையில் போன் அளவு கருவி. ஒவ்வொருவரும் தாங்கள் தொட்ட அட்டையை நீட்ட, அதில் வைத்துப் பார்த்து நன்றி சொல்லிக்கொண்டு வந்தார். என் கேள்விகளில் ஒன்றுக்கு விடை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். அத்தான் தன் அட்டையை நீட்டி, “எங்கள் இருவருக்கும் இதில்தான்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அதிகாரி வைத்துப் பார்த்தார். இன்னொரு முறை வைத்தார். “இதில் பயணமே இல்லையே.”

“நான் இரண்டு தரம் தொட்டேன். இரண்டு தரமும் சத்தம் கேட்டது.”

“அதுதான் காரணம், ஐயா. ஓர் அட்டைக்கு ஓர் ஆள்தான். முதல் தரம் தொட்டபோது பயணம் தொடங்கியது. அதே நிலையத்தில் மறுபடி தொட்டதும், பயணம் வேண்டாமென்று நீங்கள் திரும்பிப் போனதாக அது எடுத்துக்கொண்டது.”

இரண்டு பேருக்கு இரண்டு தரம் தொட்டால் இருவருக்குமே இல்லை. விருந்தாளிக்குத் தான் கொடுக்கவேண்டும் என்ற நினைப்பு அந்தத் தூணுக்கு எப்படித் தெரியும்? முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அத்தானின் காது சிவந்தது. தமிழில், யாருக்கென்று இல்லாமல், “இருபத்தேழு வருசம் ஓடினன், ஒரு ரிக்கற் வாங்கேல்லை,” என்றார். எனக்கு ரிக்கற் என்றால் கொண்டக்டர் கிழித்துத் தருவது. இந்த ஊரில் ரிக்கற் என்றால் பொலிஸ் எழுதித் தரும் தண்டம். அதை எனக்கு அவர் பிறகுதான் விளக்கினார்.

அதிகாரி தண்டம் எழுதவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கி, ஆளுக்கொரு அட்டையால் ஒழுங்காகத் தொட்டுவிட்டு, பின்னால் வரும் ரயிலில் போகச் சொன்னார். நகரும்போது அத்தானின் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னார். “உங்கள் போனில் இதே அட்டை இருக்கிறதா? அப்படியானால் அதைத் தொடலாம். போனை அது வேறு அட்டையாகத்தான் எண்ணும். காசு உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.”

கில்ட்வுட் நிலையத்தில் இறங்கினோம். அடுத்த ரயிலுக்கு ஏறக்குறைய அரைமணி நேரம். மேடையில் எங்களைத் தவிர ஆளில்லை. அத்தான் அங்கே கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்து சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“திரும்பிப் போவம், ஸ்ரெல்லா. றெஜியை வேலை முடிய வந்து ஏத்தச் சொல்லுவம்.”

“அவ நாலு மணிக்கல்லோ முடிப்பா?”

“இருப்பம்.”

அவர் சொன்ன விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. நாலு மணிவரை ஒரு வாங்கில் இருப்பது தனக்கொன்றும் புதிதில்லை என்பதுபோல இருந்தது. இந்த மூன்று நான்கு மாதமும் வீட்டில் அதைத்தான் செய்திருக்கிறார்.

நான் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உண்மையில் வேறொன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. “அத்தான், போனும் உங்கட அட்டையும் வேற வேற ஆளெண்டு அந்தப் பிள்ளை சொன்னது மெய்யோ? அப்பிடியெண்டா உங்கட காசிலயே ரெண்டு பேரும் போகலாமே. ஒருக்காச் செய்து பாப்பமே?”

அவர் தலையை நிமிர்த்தினார். போனில் அட்டையை மகள் கலியாணச் செலவுகளுக்காகப் போட்டுக் கொடுத்திருந்தாள், ஒருநாளும் பாவித்ததில்லை. எழுந்து தூணடிக்குப் போனார். அட்டையைத் தொட்டார், பச்சை. போனை எடுத்துப் பெருவிரலை அழுத்தித் திறந்து என் கையில் தந்தார். தொட்டேன். பச்சை.

“அட!” என்றார். “ரெண்டு அன்ரன்!”

அந்த மகிழ்ச்சியில் போன் என் கையிலேயே இருந்துவிட்டது. அதன் பொருள் என்ன என்று இருவரும் யோசிக்கவில்லை.

பதினொன்றரை அளவில் யூனியன் நிலையத்தில் இறங்கினோம். இறங்கும் இடத்திலும் தொடவேண்டும். ரயிலில் தூரத்துக்கேற்ற கட்டணம் என்பதால் எங்கே இறங்கினோம் என்று அதற்குத் தெரியவேண்டும். அத்தான் மறுபடி பெருவிரலால் போனைத் திறந்து தந்தார். வெளியே வந்து கிங் தெருவரை நடந்தோம். ஐந்து நிமிட நடை. உயரமான கட்டடங்களின் நடுவே தண்டவாளம் பதித்த தெரு. அதில் சிவப்பும் வெள்ளையுமாக ஐந்து பெட்டி நீளத்துக்கு, ஸ்ட்ரீட்கார் என்று இங்கே சொல்லும் தெரு ரயில் வளைந்து வந்தது. நான்கு கதவுகள், எந்தக் கதவாலும் ஏறலாம், ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு பெட்டி. பெரியவர்களுக்கு மூன்று டொலர் முப்பது சதம், எவ்வளவு தூரம் போனாலும். எங்கள் காசில் எழுநூறு ரூபாவுக்குக் கிட்ட. அந்தக் காசுக்கு நான் கிளிநொச்சிக்குப் போய்த் திரும்பி வந்தாலும் மிச்சம் இருக்கும்.

மதியச் சாப்பாட்டு நேரம் தொடங்கியிருந்தது. தரிப்பிடத்தில் நல்ல கூட்டம். அத்தான் முன்கதவுப் பக்கம் தள்ளப்பட்டார், நான் பின்கதவுப் பக்கம். அவர் ஏறித் தொட்டு உள்ளே போவதைப் பார்த்தேன். நானும் ஏறிப் போனைப் பெட்டியில் வைத்தேன். சிவப்பு. மறுபடி வைத்தேன். மறுபடி சிவப்பு. போன் பூட்டிக்கொண்டுவிட்டது, திறக்க அவருடைய பெருவிரல் வேண்டும். காலையில் ரயிலில் நடந்தது இன்னும் என் நெஞ்சுக்குள் இருந்தது. காசு கொடுக்காமல் ஏறியவள் என்று இரண்டாம் தரமும் ஒருவர் முன் நிற்க எனக்கு மனமில்லை. படியிலிருந்து பின்வாங்கித் தரையில் கால் வைத்தேன். கதவு மூடிக்கொண்டது.

ஸ்ட்ரீட்கார் நகர்ந்தது. கண்ணாடிக்குள் அத்தான் என்னைக் கண்டு கையைத் தூக்கினார். அவர் வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று தெரியவில்லை.

அங்கே நின்றபோதுதான் எல்லாம் எனக்கு உறைத்தது. அவருடைய போன் என் கையில். என் போனில் இருப்பது இலங்கைச் சிம். வைஃபை இல்லாத இடத்தில் அது வெறும் கண்ணாடி. அவர் வலிப்பு வந்த மனிதர், போன் இல்லாமல், இவ்வளவு பெரிய நகரத்துக்குள் தனியே போய்க்கொண்டிருக்கிறார். அவரை அப்படி அனுப்பியது என் ஆர்வம்.

அடுத்த ஸ்ட்ரீட்கார் வந்தது. கைப்பையைத் திறந்து யாழ்ப்பாணத்து அட்டையை எடுத்தேன். காலையில் எவ்வளவு ஆசையோடு எடுத்தேன்! இப்போது வேறு வழியில்லை என்று எடுத்தேன். பெட்டியில் வைத்தேன். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பச்சை. குருநகரிலிருந்து சைக்கிளில் போய் வரக்கூடிய வங்கிக் கிளையொன்றில் தந்த அட்டையை இந்தப் பெட்டி ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது. வேறொரு நாள் என்றால் பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லியிருப்பேன்.

ஸ்பதைனா தெருவைத் தாண்டும்போது அத்தானின் போன் அடித்தது. திரையில் ‘றெஜி’. பூட்டிய போனிலும் வரும் அழைப்பை எடுக்கலாம். எடுக்காமல் விட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். விட்டால் அக்கா அங்கே என்ன பாடுபடுவார் என்றும் நினைத்தேன். எடுத்தேன்.

“குளிசை போட்டவரோ எண்டு கேளடி.”

“அக்கா, அத்தான் என்னோட இல்லை.”

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ரயில் அதிகாரியையும் சொன்னேன், போன் என் கையில் வந்த விதத்தையும் சொன்னேன்.

“அவர் பயந்த மாதிரி நிண்டவரோ?” என்று அக்கா கேட்டார். குரல் சின்னதாக இருந்தது.

“இல்லை. எனக்குக் கை காட்டினவர்.”

“சரி. நீ ஜேமிசன்ல போய் இறங்கு. அங்கதானே போறதெண்டு வெளிக்கிட்டனீங்கள்? இறங்கின இடத்தை விட்டு அசையாதை.”

ஆனால் நான் ஏறியது டஃபரின் தெருவோடு திரும்பிவிடும் வண்டி. அறிவிப்பு வந்ததும் ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். நான் விழிப்பதைக் கண்டு, குழந்தை வண்டில் தள்ளிக்கொண்டு வந்த பெண்ணொருத்தி, “பின்னால் வருவதில் ஏறுங்கள். அதே அட்டையைத் தொடுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு மறுபடி காசு எடுக்காது,” என்றாள். அதே அட்டை என்பதை இரண்டு முறை அழுத்திச் சொன்னாள். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான் என்று அதற்குள் எனக்கும் விளங்கியிருந்தது.

ஜேமிசன் தரிப்பிடத்தில் இறங்கினேன். அத்தான் இல்லை.

எத்தனையோ தடவை விலாசமாக எழுதிய தெரு என் முன்னால் கிடந்தது. இரண்டு பக்கமும் மண்ணிறச் செங்கல் அடுக்குமாடிகள். பல்கனிகளில் சைக்கிள்கள், காயப்போட்ட உடுப்புகள், ஒன்றிரண்டில் திபெத்தியர்களின் ஐந்து நிறக் கொடிகள். எதையும் என்னால் ஆறுதலாகப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு ஸ்ட்ரீட்காராக வந்து கதவைத் திறந்தது. ஒவ்வொரு கதவாகப் பார்த்தேன். ஏறியவர்களில் சிலர் தொட்டார்கள், சிலர் தொடாமலே போய் இருந்தார்கள், யாரும் கேட்கவில்லை. கொண்டக்டர் ஒருவர் இருந்திருந்தால், ‘சாம்பல் ஜக்கற், கண்ணாடி போட்ட ஒரு ஐயா ஏறினவரோ?’ என்று நான் கேட்டிருக்கலாம். அந்தப் பெட்டியிடம் என்ன கேட்பது?

போன் மறுபடி அடித்தது. எடுத்தவுடன் அக்கா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

“அவர் எடுத்தவரடி. ஆரோ ஒரு படிக்கிற பெடியன்ர போனில. அவருக்குப் பாடமா இருக்கிறது என்ர நம்பர் ஒண்டுதான்.”

“எங்க நிக்கிறார்? சுகமா இருக்கிறாரோ?”

“சுகத்துக்கு என்ன! இப்ப நீ நிக்கிற இடத்துக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறன். அடுத்த ஸ்ரொப்பில இறங்கி, எதிர்ப்பக்கத்தால ஏறி, உன்னைத் தேடித் திரும்பிப் போயிருக்கிறார். உன்னைக் காணேல்லையெண்டு அந்தரப்படுறார். ‘ஸ்ரெல்லா ஊருக்குப் புதுசு, அந்தப் பிள்ளை எங்க போய்ப் பயந்துகொண்டு நிக்குதோ’ எண்டு என்னைப் பேசுறார். நான் உன்னை ஒழுங்காக் கவனிக்கச் சொல்லேல்லையாம்!”

அந்தத் தெருவில் நின்று நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

கால்மணி நேரத்தில் அத்தான் வந்தார். ஸ்ட்ரீட்காரின் நடுக்கதவால் இறங்கினார். நான் ஓடிப்போனேன். அவர் என்னைத் திட்டவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. முகம் வேர்த்து, கண் பளிச்சென்று இருந்தது.

“மூண்டு தரம் ஏறினன், ஸ்ரெல்லா. மூண்டு தரமும் பச்சை! ரெயினுக்குக் குடுத்ததால இதுக்குக் காசே இல்லையாம், அந்தப் பெடியன் சொன்னவன்.”

“குளிசை, அத்தான்.”

“போட்டிட்டன், போட்டிட்டன். தண்ணியும் அவன்தான் தந்தவன்.”

பிறகுதான் வீட்டைப் பார்க்கப் போனோம். ஆறாம் மாடியில் மூலைப் பல்கனியைக் காட்டினார். “அதுதான்.” நான் நிமிர்ந்து பார்த்தேன். படம் எடுத்தேன். அவர் அதற்குள் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உது எங்கயும் போகாது. இந்த ஸ்ட்ரீட்கார் கடைசியில எங்க போய் நிக்குதெண்டு பாப்பமே?”

குயீன் தெருவில் ஒரு திபெத்தியக் கடையில் மோமோ சாப்பிட்டோம். பிறகு ஸ்ட்ரீட்கார் போய் நிற்கும் கடைசி நிலையம்வரை போனோம். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. வட்டமடித்துத் திரும்பும் தண்டவாளமும் புறாக்களும் மட்டும். அத்தான் அதை ஒரு சுற்றுலாத் தலத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். திரும்பும் வழியெல்லாம் ஒவ்வொரு தரமும் போனைத் திறந்து என் கையில் தந்து, நான் தொட்டதும் உடனே திரும்ப வாங்கிப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை அக்கா சமைத்தார். மீன்குழம்பைத் தட்டில் ஊற்றும்போது அகப்பை தட்டில் இடித்த சத்தம் கொஞ்சம் பலமாக இருந்தது. அத்தான் தன் கதையை முதலிலிருந்து சொன்னார். இரண்டாம் முறையும் சொன்னார். கோப்பை கழுவும்போது நான் அக்காவுக்குப் பக்கத்தில் நின்று மன்னிப்புக் கேட்டேன்.

“உன்னில பிழையில்லை,” என்றார். குழாயை மூடினார். “டொக்டர் கார் ஓடவேண்டாமெண்டுதான் சொன்னவர். வெளிய போகவேண்டாமெண்டு சொல்லேல்லை. அதைச் சொன்னது நான்தான்.”

“பயத்திலதானே அக்கா.”

“ஓம். ஆனா எனக்குத்தானே பயம். அவரல்லோ உள்ளுக்க இருந்தவர்.”

அடுத்த நாள் காலை அத்தான் பாண் வாங்க வெளிக்கிட்டார். கடைக்கு பஸ்ஸில் பத்து நிமிடம். அக்காவுக்கு அன்று பின்னேர வேலை. கார் வாசலில் நின்றது. ஏற்றிக்கொண்டு போய்விட்டு வரலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அக்கா மாடி ஜன்னலடியில் திரைச்சீலையை விலக்கி நின்றார். தெருமுனைத் தரிப்பிடத்தில் அத்தான் நிற்பது தெரிந்தது. பஸ் வந்து மறைத்தது. போனபோது தரிப்பிடம் வெறுமையாக இருந்தது.

“ஏறிட்டாரோ?” என்று அக்கா கேட்டார், தானே பார்த்திருந்தும்.

“ஏறிட்டார்.”

ஒரு மணி நேரத்தில் பாணும், கேட்காத ஒரு பக்கற் பணிஸும் வந்தன. அதற்குப் பிறகு நான் நின்ற நாட்களில் வீட்டில் சாமான் ஒன்றும் குறையவில்லை. உப்பு முடிவதற்கு முன் உப்பு வந்தது.

நான் புறப்படும் நாள் வெள்ளிக்கிழமை. இரவு விமானம். பின்னேரம் மூன்று மணிக்கு அக்கா என் பெட்டிகளைக் காரில் ஏற்றினார். அத்தான் ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு வந்து, காரில் ஏறாமல் நின்றார்.

“நான் ரெயினில வாறன். யூனியனில மாறினா எயார்போட் ரெயின் இருக்குது. நீங்கள் போங்கோ.”

“உங்களுக்கு என்ன விசரே?” என்று அக்கா சொன்னார். ஆனால் சாவியைத் திருப்பிவிட்டார்.

பிக்கரிங்கிலிருந்து விமான நிலையம் ஐம்பது கிலோமீற்றர் இருக்கும். நெடுஞ்சாலையில் வெள்ளிக்கிழமைப் பின்னேரக் கூட்டம். எங்களுக்கு முன்னால் சிவப்பு விளக்குகளாகவே தெரிந்தன. ஊர்ந்தோம், நின்றோம், ஊர்ந்தோம். அக்கா இரண்டு தடவை அத்தானுக்குப் போன் எடுத்தார். முதல் தடவை அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். இரண்டாம் தடவை யூனியனில் நல்ல கோப்பி விற்கிறார்கள் என்றார். அதற்குப் பிறகு அக்கா எடுக்கவில்லை.

பெட்டிகளை இழுத்துக்கொண்டு புறப்பாட்டு மண்டபத்துக்குள் நுழைந்தபோது அத்தான் தள்ளுவண்டி ஒன்றோடு எங்களுக்காக நின்றார். வந்து இருபது நிமிடமாம். என் பெட்டிகளை அதில் தூக்கி வைத்து, எந்தப் பக்கம் போகவேண்டும் என்று எனக்கு வழி காட்டினார். அக்கா அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவருடைய ஜக்கற்றின் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துவிட்டார்.

பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று திரும்பிப் பார்த்தேன். கையசைப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. அத்தான் ரயில் நிலையம் என்று எழுதிய பலகையைக் காட்டினார். அக்கா கார் நிறுத்துமிடப் பக்கம் கையைக் காட்டினார். இரண்டு பேரும் ஏதோ வாதாடிக்கொண்டு நின்றார்கள்.

நான் ஊர் திரும்பினால் திங்கட்கிழமை காலை கிளிநொச்சி பஸ்ஸில் நிற்பேன். கொண்டக்டர் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளுவார். மிச்சக் காசை இறங்கும்போது தருவேன் என்பார். நான் நித்திரையாகிவிட்டால் பள்ளிக்கூட வாசலில் “ரீச்சர், இறக்கம்!” என்று கத்துவார். தொடும் பெட்டி எங்களுக்கும் வரலாம். வந்தால் மிச்சக் காசுச் சண்டை நின்றுவிடும். கத்துவதற்கு யார் என்றுதான் தெரியவில்லை.

விமானத்தில் ஏறும் வாசலடியில் இருந்தபோது, அங்கிருந்த வைஃபையில் என் போனுக்கு உயிர் வந்தது. அக்காவிடமிருந்து குரல் செய்தி. பின்னணியில் காரின் இரைச்சல்.

“நான் தனியத்தான் வாறன். அவர் ரெயினில. ஆர் முதல் வீட்ட போறதெண்டு பாப்பமாம். நான் இன்னும் கார்ப் பாக்கிங்கை விட்டு வெளியால வரேல்லையடி!”